படித்த தொழிலுக்கு உரிமம் கிடைக்காத நாட்டில் வேறு தொழிலுக்கு மாறுவது எப்படி?

ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்த்துவிட்டு நாடு மாறினேன். கையில் பட்டம், பதிவுச் சான்று, அனுபவக் கடிதம் எல்லாம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட மருந்தாளுநராக வேலை செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ள ஏழு மாதம் ஆனது. அதை மனது ஒப்புக்கொள்ள இன்னும் ஏழு மாதம் ஆனது. இப்போது மருந்துப் பாதுகாப்புத் துறையில், பக்கவிளைவு அறிக்கைகளை ஆராயும் வேலையில் இருக்கிறேன். பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் அந்தப் பதினான்கு மாதமும் அதில் கரைந்த சேமிப்பும் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. அதனால், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. விசா தாளை முதலில் எடுத்துப் படியுங்கள்

தொழில் மாறுவதைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் விசா உங்களை எதோடு கட்டிப்போட்டிருக்கிறது? நிறுவனத்தோடா, தொழிலோடா, இரண்டோடுமா? பிரிட்டனின் திறன்பணியாளர் விசாவில் வேலைக்கு ஒரு தொழில் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு மாறினால், அதே நிறுவனத்தில் இருந்தாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில், செய்யும் வேலைக்கும் படித்த படிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும். துணைவர் விசாவில் வந்தவர்களுக்குப் பல நாடுகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தாளில் உள்ள நிபந்தனையை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

2. தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர் ஆகியோருக்கு ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உரிமம் கட்டாயம். பள்ளி ஆசிரியருக்கும் மின்பணியாளருக்கும் பல நாடுகளில் கட்டாயம். மற்ற தொழில்களில் இரண்டு வகைத் தடை உண்டு. ஒன்று, உரிமம் இல்லாமல் அந்த வேலையையே செய்யக் கூடாது. மற்றது, வேலையைச் செய்யலாம், அந்தப் பட்டப்பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. பொறியாளர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். ஜெர்மனியில் பொறியாளர் என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிரிட்டனில் அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம், தொழில் அமைப்பில் பதிவு பெற்றவர்களுக்கான ‘சார்ட்டர்டு’ பொறியாளர் போன்ற பெயர்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீங்கள் தொழிலை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

தெரிந்தவர் ஒருவருக்கு உரிமம் கிடைத்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் கொடுப்பது மாநிலமோ மாகாணமோதான், பக்கத்து மாநிலத்தின் விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் மருத்துவத் துறைத் தொழில்களுக்கு 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. நீங்கள் வாழும் இடத்தில் உங்கள் தொழிலைப் பதிவு செய்யும் அமைப்பின் வலைத்தளத்தில் ‘வெளிநாட்டில் படித்தவர்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

3. மூன்று மதிப்பீடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நான் பணத்தை இழந்த இடம் இது. குடியேற்றத்துக்கான படிப்பு மதிப்பீடு ஒன்று, வேலைக்கும் மேற்படிப்புக்குமான சமநிலை மதிப்பீடு ஒன்று, தொழில் உரிமத்துக்கான மதிப்பீடு ஒன்று. மூன்றும் தனித்தனி. பெரும்பாலும் ஒன்றுக்கு எடுத்தது மற்றொன்றுக்குச் செல்லாது. ‘உங்கள் பட்டம் இந்நாட்டு இளநிலைப் பட்டத்துக்குச் சமம்’ என்று அறிக்கை வந்ததும் நான் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தேன். உரிமம் தரும் அமைப்பு அந்த அறிக்கையைப் பார்க்கக்கூட இல்லை. அவர்களுக்கு வேறு அமைப்பிலிருந்து, பாடவாரியாகப் பிரித்த அறிக்கை வேண்டியிருந்தது. மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

எனவே பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அமைப்பின் அறிக்கையை ஏற்பீர்கள்? பட்டத்தை மட்டும் மதிப்பிட்டால் போதுமா, பாடவாரியாக வேண்டுமா? அறிக்கை எத்தனை ஆண்டு செல்லும்? கனடாவின் குடியேற்றத்துக்கான மதிப்பீடு ஐந்து ஆண்டு செல்லும். மற்றவற்றுக்கு வேறு வேறு கணக்கு. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் செலவில்லாமலே பாதி விடை கிடைக்கும். வெளிநாட்டுப் பட்டங்களைப் பற்றிய ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் இருந்தால் அந்தப் பக்கத்தை இலவசமாக அச்செடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில், வெளிநாட்டுப் பட்டங்களின் அங்கீகாரம் பற்றித் தகவல் தரும் ‘எனிக்-நாரிக்’ என்ற வலையமைப்பில் நாட்டுக்கொரு மையம் இருக்கிறது. பொறியியல் படித்தவர்கள், உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் படிப்பை மற்றது ஏற்பதற்காக 1989இல் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 2014இல் அதில் முழு உறுப்பினர்களாயின. ஆனால் நாடு உறுப்பினர் என்பது மட்டும் போதாது. நீங்கள் படித்த கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவு, நீங்கள் படித்த ஆண்டில், உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு முன் படித்து முடித்தவர்கள் பலர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். எல்லாம் பொருந்தினாலும் அது படிப்புக்கான அங்கீகாரம்தான், உரிமம் அல்ல.

4. ஆவணங்களைச் சேருங்கள், இன்றே தொடங்குங்கள்

தொழிலை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டாலும் இவை தேவைப்படும். புதுத் துறையில் வேலைக்குச் சேரும்போதும் பின்னணிச் சரிபார்ப்பில் இவற்றைத்தான் கேட்கிறார்கள். கிளம்பும் முன் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சொந்த நாட்டில் ஒரு நாளில் முடியும் வேலை, கடல் தாண்டிய பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எல்லோரிடமும் இருக்கும். பாடத்திட்டம் பெரும்பாலோரிடம் இருக்காது. நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற விவரத்துடன், பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டும். பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், பழையதைத் தேடி எடுத்து முத்திரை போடச் சொல்வது பெரும்பாடு. எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இரண்டு தொகுதி வாங்குங்கள்.

அடுத்தது அனுபவக் கடிதம். ‘இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்’ என்ற இரண்டு வரிக் கடிதம் எதற்கும் உதவாது. பதவி, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், செய்த வேலைகள் என்னென்ன, தொடர்புகொள்ள அலுவலக முகவரி, எல்லாம் இருக்க வேண்டும். நீங்களே ஒரு வரைவை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கூடவே சம்பளச் சீட்டுகளையும் பணி நியமன ஆணையையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் மூடப்பட்டால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அவைதான்.

தொழிற்பதிவு அமைப்பிடமிருந்து நன்னிலைச் சான்று தேவைப்படும். உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லை, பதிவு நடப்பில் இருக்கிறது என்று சொல்லும் தாள் அது. இதை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். பிரிட்டனின் மருத்துவர் பதிவு அமைப்பு மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றை ஏற்காது. மற்ற இடங்களிலும் ஆயுள் குறைவுதான். பெரும்பாலும் அந்த அமைப்பே நேராக அனுப்ப வேண்டும் என்பார்கள். பல்கலைக்கழகம் முத்திரையிட்டுக் கொடுக்கும் உறையும் அப்படித்தான், ஆர்வத்தில் பிரித்துவிட்டால் அது செல்லாது.

பெயர். முன்னெழுத்து ஒரு சான்றிதழில் சுருக்கமாகவும் கடவுச்சீட்டில் விரிவாகவும் இருப்பது, திருமணத்துக்குப் பின் மாறியது, ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பது எல்லாம் பார்ப்பவர்களுக்கு வேறு வேறு ஆட்கள்தான். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சட்டப்படி தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்டில் பற்றியும் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே பெரும்பாலும், ஆவணத்தில் இந்த ஒரு சான்று இருந்தால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இந்தியாவில் இது 2005இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் இது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, எனவே பழைய அனுபவத்தை வைத்து யாராவது ஆலோசனை சொன்னால் ஆண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் என்பது கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் படிப்பு சமமானது என்று சொல்லாது. மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், போய்ச் சேரும் நாடு யாரை மொழிபெயர்ப்பாளராக ஏற்கிறது என்று கேட்ட பிறகு செய்யுங்கள். முன்கூட்டியே செய்துவிட்டு இரண்டாவது முறை பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

எல்லாவற்றையும் வண்ணத்தில் வருடி, தேதியும் பெயரும் உள்ள கோப்புப் பெயருடன் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூலத்தை யாரிடமும் அஞ்சலில் கொடுக்காதீர்கள்.

5. உரிமத்தைத் துரத்துவதா விடுவதா? கணக்குப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, உரிமம் கைக்கு வரும் நாள்வரை ஆகும் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். மதிப்பீட்டுக் கட்டணம், ஒவ்வொரு தேர்வின் கட்டணம், மொழித் தேர்வு, மொழிபெயர்ப்பு, கூரியர், தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவு. ஒரு தேர்வையாவது இரண்டாவது முறை எழுத வேண்டியிருக்கும் என்றே கணக்கில் வையுங்கள். அதற்குக் கீழே, படிக்கும் மாதங்களில் வராமல் போகும் சம்பளத்தை எழுதுங்கள். என் தாளில் எல்லாக் கட்டணங்களையும் கூட்டினால் வந்ததைவிட அந்த ஒரு வரி பெரியதாக இருந்தது. மேற்பார்வையில் செய்ய வேண்டிய பயிற்சிக் காலம் உண்டா, அதற்குச் சம்பளம் உண்டா, இடம் கிடைக்க எவ்வளவு நாள் என்றும் விசாரியுங்கள். தேர்வுகளைத் தாண்டிய பிறகு பயிற்சி இடம் கிடைக்காமல் நிற்பவர்கள்தான் அதிகம் வேதனைப்படுகிறார்கள்.

ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற மொழித் தேர்வு மதிப்பெண்கள் பொதுவாக இரண்டு ஆண்டுதான் செல்லும். வந்த உற்சாகத்தில் முதலில் அதை எழுதிவிட்டு, மற்ற தாள்கள் வருவதற்குள் அது காலாவதியாகி மறுபடி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. விண்ணப்பம் தயாராகும் நேரத்தில் எழுதினால் போதும்.

ஜெர்மனியில் 2012இல் வந்த அங்கீகாரச் சட்டத்தின்படி, முழு அங்கீகாரம் இல்லாவிட்டாலும் எதெல்லாம் குறைகிறது என்று எழுத்தில் தருவார்கள். அந்தக் குறையை மட்டும் நிரப்பினால் போதும். உங்கள் நாட்டிலும் இப்படிப் பகுதி அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். தூரம் எவ்வளவு என்பது அப்போதுதான் தெளிவாகும்.

கணக்கு வந்ததும் ஒரு தேதியைக் குறியுங்கள். ‘இந்தத் தேதிக்குள் இன்னின்ன நடக்காவிட்டால் வேறு தொழில்’ என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த கணக்கு மூன்று ஆண்டு. இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எங்களால் முடியாது. அதைச் சத்தமாகச் சொன்ன இரவு அழுதேன். நீங்களும் அழுவீர்கள், அதற்கு இடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சொந்த நாட்டுப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். புதுப்பிக்க ஆகும் செலவு சிறியது. விட்டுவிட்டால் மறுபடி திறப்பது கடினம். புது வேலையிலும் ‘பதிவு நடப்பில் உள்ளவர்’ என்பதற்கு மதிப்பு இருக்கிறது.

6. உங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பழைய வேலையில் ஒரு வாரம் முழுக்க என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பதவிப் பெயர் வேண்டாம், செய்த காரியம் மட்டும். என் பட்டியலில் மருந்துச் சீட்டைச் சரிபார்த்தது, இருப்பைக் கவனித்தது, பக்கவிளைவுகளை அறிக்கையாக எழுதியது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, தணிக்கைக்குத் தாள்களைத் தயார் செய்தது என்று பதினெட்டு வரிகள் இருந்தன.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி. இந்தக் காரியத்தின் விதியை எழுதியது யார்? ஒரு நாட்டின் சட்டமா, உலகத்துக்குப் பொதுவான தரமா? நாட்டின் சட்டத்தை நம்பி நிற்கும் திறமை எல்லையில் நின்றுவிடும். பொதுத் தரத்தை நம்பி நிற்கும் திறமை உங்களோடு விமானத்தில் ஏறும். மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது முதல் வகை. பக்கவிளைவை அறிக்கையாக்குவது இரண்டாம் வகை, ஏனென்றால் அந்த அறிக்கையின் வடிவமும் அதில் பயன்படும் மெட்ரா என்ற மருத்துவச் சொற்தொகுதியும் பல நாடுகளுக்குப் பொது. பதினெட்டில் ஐந்து வரிகள் இரண்டாம் வகையில் இருந்தன. என் புதுத் தொழில் அந்த ஐந்திலிருந்து வந்தது.

கணக்காளரின் வரிச் சட்ட அறிவு உள்ளூர்ச் சரக்கு, ஐஎஃப்ஆர்எஸ் என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களின் அறிவு பல நாடுகளில் செல்லும். மருத்துவர் நோயாளியைத் தொட முடியாது, ஆனால் மருத்துவ ஆய்வுகளுக்கான நற்பயிற்சி விதிகள் பல நாடுகளுக்குப் பொதுவானவை என்பதால் ஆய்வு ஒருங்கிணைப்பிலும் மருத்துவ எழுத்திலும் இடம் உண்டு. உணவுத் தொழில்நுட்பம் படித்தவருக்கு ஹாசப் என்ற உணவுப் பாதுகாப்புத் தரம் கைகொடுக்கும். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நிற்க முடியாது, ஒப்பந்த மேலாண்மையிலும் விதி இணக்கப் பிரிவிலும் அவரைத் தேடுகிறார்கள். கட்டடப் பொறியாளர் வரைபடத்தில் கையெழுத்திட முடியாது, அளவுக் கணக்கீடு, காலத் திட்டமிடல், பிஐஎம் என்ற கணினிக் கட்டட மாதிரி உருவாக்கம் ஆகியவற்றைச் செய்யலாம்.

பட்டியலோடு அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆதரவில் நடக்கும் ஓநெட் தளத்தையோ ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்கோ தளத்தையோ திறந்து, அந்தத் திறமைகள் எந்தெந்தத் தொழில்களில் வருகின்றன என்று பாருங்கள். இரண்டும் இலவசம். நீங்கள் கேள்விப்படாத பதவிப் பெயர்கள் அங்கே கிடைக்கும், வேலை தேட அந்தப் பெயர்கள்தான் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தொழிலின் உதவியாளர் வேலையில் உடனே சேர்ந்துவிடத் தோன்றும். அது சிலருக்கு வாசல், சிலருக்கு அங்கேயே முடங்கும் இடம். சேரும் முன், ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த இடத்திலிருந்து மேலே போனவர்கள் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் அதைச் சம்பளத்துக்கான வேலையாக மட்டும் எடுத்துக்கொண்டு, தேடலை நிறுத்தாதீர்கள்.

7. படிப்பை வாங்குவதற்கு முன் விளம்பரங்களைப் படியுங்கள்

பதறிப்போய் முதுநிலைப் படிப்பில் சேராதீர்கள். நீங்கள் குறிவைக்கும் பதவிக்கு முப்பது வேலை விளம்பரங்களை எடுத்து, எந்தத் தகுதி எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வருவதை மட்டும் படியுங்கள். எனக்குத் தேவைப்பட்டது நற்பயிற்சி விதிகள் பற்றிய ஒரு சிறு இணையப் பயிற்சியும், பக்கவிளைவு அறிக்கை பற்றிய மூன்று மாத வகுப்பும்தான்.

பழைய அனுபவத்தை நாடு பார்க்காமல் ஏற்கும் சான்றிதழ்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். திட்ட மேலாண்மையின் பிஎம்பி, நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களிடம் 36 மாதத் திட்ட அனுபவத்தைக் கேட்கும், அதை எந்த நாட்டில் பெற்றீர்கள் என்பது தடையில்லை. புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு உதவியோடு நடக்கும் இணைப்புப் பயிற்சிகள் பல நாடுகளில் உண்டு. ‘வேலை உறுதி’, ‘உரிமம் உறுதி’ என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்பே கேட்பவர்களிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

8. விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போடாதீர்கள். பதிவு இல்லாமல் மருந்தாளுநர் என்றோ செவிலியர் என்றோ சொல்லிக்கொள்வது பல நாடுகளில் குற்றம், தொழில்முறை வலைத்தளப் பக்கத்தில் போட்டாலும் அப்படித்தான். ‘வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர், இங்கு பதிவு பெறவில்லை’ என்று எழுதலாமா என்று பதிவு அமைப்பிடமே கேட்டு எழுதுங்கள்.

பழைய நிறுவனத்தின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. எத்தனை படுக்கை, எத்தனை ஊழியர், ஒரு நாளுக்கு எத்தனை மருந்துச் சீட்டு என்று அளவைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். பட்டத்தை மறைக்கச் சொல்லி ஆலோசனை வரும். நான் மறைத்துப் பார்த்தேன், நேர்காணலில் ஒன்பது ஆண்டுக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். மறைக்காதீர்கள்.

அந்தத் துறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு எழுதும்போது வேலை கேட்காதீர்கள், பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். நான் நாற்பது பேருக்கு எழுதினேன், ஒன்பது பேர் பேசினார்கள். அதில் ஒருவர் சொன்ன பதவிப் பெயரில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

9. எவ்வளவு காலம், எவ்வளவு பணம்

முதல் மாதம் விசா, தடை, ஆவணக் கோரிக்கை. இரண்டாம் மாதம் உரிமக் கணக்கு. மூன்றாம் மாத முடிவில் தேதியோடு ஒரு முடிவு. அதன்பின் மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சியும் தேடலும். என்னால் இந்த வரிசையில் செய்ய முடிந்திருந்தால் ஓராண்டுக்குள் புது வேலையில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத் தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். தேர்வுக்கும் பயிற்சிக்கும் அதிலிருந்து எடுக்காதீர்கள். எந்தக் கட்டணத்தைக் கட்டும் முன்னும், தகுதி இல்லை என்று சொன்னால் பணம் திரும்புமா என்று பாருங்கள். பெரும்பாலும் திரும்பாது. தொழில் மாற்றத்துக்கும் கட்டிய கட்டணத்துக்கும் வரிச் சலுகை சில நாடுகளில் கிடைப்பதால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

10. ‘ஏன் பழைய தொழிலைச் செய்யவில்லை?’

எல்லா நேர்காணலிலும் இது வரும். முதல் சில முறை நான் விதிகளைக் குறை சொன்னேன். எதிரில் இருந்தவர்களின் முகம் மாறியது. அப்புறம் இப்படிச் சொல்லப் பழகினேன்: ‘இங்கே பதிவு பெற மூன்று ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டேன். என் வேலையில் நான் நன்றாகச் செய்தது பக்கவிளைவுகளைக் கண்டுபிடித்து எழுதுவது. அதை இங்கே உடனே செய்ய முடியும் என்பதால் இந்தப் பதவிக்கு வந்திருக்கிறேன்.’ மூன்றே வரி. உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, தடுமாறாமல் வரும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதோடு, முதல் இரண்டு விண்ணப்பங்களை நீங்கள் அதிகம் விரும்பாத இடங்களுக்கு அனுப்புங்கள். தடுமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.